பதினாறு வினாடித் தாமதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் முகம் எனக்கு இல்லை. இருந்தாலும், சித்தியின் மூட்டுவலி தேவலையா? போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் அட்டைப்பெட்டி ஆலை வாசலில் விரல் வைத்தால் வருகை பதியும் மென்பொருளை எழுதிய பாவி நான்தான். சித்தப்பா வேலை பார்க்கும் இடமாயிற்றே, சுணங்காமல் ஓடட்டும் என்று விரல் வைத்த நேரத்தைக் குறித்துவைக்க வேகமான எண் வகையைத் தேர்ந்தேன். கணினிக்கு நேரம் என்பது 1970-லிருந்து எண்ணிவரும் வினாடிகள்; அத்தனை பெரிய எண்ணைக் கொடுத்தால் அந்த வகை கடைசி இலக்கங்களை உதிர்த்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு நேரமாகத் தோராயமாக்கிவிடும் என்பதைக் கவனிக்கவில்லை. ஏழு மணி ஷிப்டுக்கு நீங்கள் 6:59:30-க்கு வந்தாலும் 7:01-க்கு வந்தாலும் அதற்கு ஏழு மணி பதினாறு வினாடிதான். தொடர்ந்து பதினொரு நாளும் அதே பதினாறு வினாடித் தாமதம். "மேற்பார்வையாளரே லேட்டுன்னா, மத்தவங்கள நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்று மேலாளர் உங்கள் பதவிக்கே உலை வைத்து, திங்கட்கிழமை விசாரணை என்றுவிட்டார்.

பதறிப்போய், வினாடியின் துணுக்கைக்கூட விடாத துல்லியமான வகைக்கு மாற்றினேன். அது பரம யோக்கியம், ஆனால் மகா மந்தம். விரல் வைத்ததும் அந்த ஆளின் இத்தனை வருடப் பணிநேரத்தையும் கூட்டித் திரையில் காட்ட வேண்டும் என்பது மேலாளரின் ஆசை. அதற்குத் தலைக்கு ஒன்பது வினாடி எடுத்துக்கொண்டது. இருப்பதோ முந்நூறு தலை. வரிசை தெருமுனையைத் தாண்டியது. வழிப்போக்கர் ஒருவர், "இங்க என்னம்மா குடுக்குறாங்க?" என்று கேட்டுக் கடைசியில் நின்றும் விட்டார். நீங்கள் நடுவரிசையிலிருந்து, "பொய்யா லேட்டாக்கினது பத்தலையா? இப்ப நெசமாவே லேட்டாக்குறியா?" என்று கத்தினீர்கள். அன்று உங்கள் வருகை 7:22. அதுவும் ஆறு தசம இடம்வரை சுத்தமான உண்மை.

வேகம் வந்தால் உண்மை போகிறது, உண்மை வந்தால் ஊரே தெருவில் நிற்கிறது. இப்போதெல்லாம் சுவர்க்கடிகாரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை, சித்தப்பா.

விசாரணையில் ஒன்றே ஒன்று கேளுங்கள். விரல் வைத்த நேரம், என் மென்பொருள் தொடுவதற்கு முன்பே, வாசல் கருவியில் அப்படியே பதிந்திருக்கும். அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நானே கொண்டுவந்து, தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னும் சொல்கிறேன். என் வேலை போனால் போகட்டும்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் கோபத்துக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: வாசல் கருவியில் இருந்த அந்த நேரங்களை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பதினொரு நாளில் இரண்டு நாள் 6:59. மிச்ச ஒன்பது நாளும் 7:01. என் தப்புக் கணக்கு உங்களுக்கு முக்கால் நிமிடம் சலுகைதான் காட்டியிருக்கிறது. தயவுசெய்து மேலே சொன்ன எதையும் கேட்டுவிடாதீர்கள். "இவ எழுதினத நம்பி ஒரு விசாரணையா?" என்று மட்டும் சத்தம் போடுங்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன்.