முந்நூற்றுப் பன்னிரண்டு கணினிக்கும் நானே பொறுப்பு

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியம் கீழே விவரமாக வருகிறது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன முறை வீட்டுக்கு வந்தபோது, "மச்சான், கல்லூரிகளுக்குன்னு ஒரு முன்னோட்டத் திட்டம் வந்திருக்கு. நெட்வொர்க்ல எங்கெங்க ஓட்டை இருக்குன்னு மென்பொருளே தேடிச் சொல்லும். சேர்ந்திடு. நீ பண்ற வேலை அப்பவாவது நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னவர் சாட்சாத் நீங்கள். பத்தொன்பது வருஷமாக இந்தக் கல்லூரிக் கணினி அறையில் குப்பை கொட்டுகிறவனுக்கு அந்த நாலு பேர் ஆசை வந்துவிட்டது. விண்ணப்பத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் கேட்டார்கள். இயற்பியல் பேராசிரியரிடம் போனேன். "கம்ப்யூட்டர்னா உங்க வேலை சார், என்னை ஏன் இழுக்குறீங்க?" என்றார். நூலகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எழுத்து தெரியவில்லை என்றார். கல்லூரி முதல்வரின் உதவியாளர், "ஐயா மீட்டிங்ல இருக்கார்" என்றார். ஐயா பின்னாலேயே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டத்திலும் என் பெயரையே எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் மென்பொருள் வேலையை ஆரம்பித்தது. ஒவ்வொரு கணினியாகப் போய்க் கதவைத் தட்டி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் வேலை. கணினியோடு நிறுத்தியதா? அச்சுப்பொறியையும் தட்டியது. முதல்வர் அறை அச்சுப்பொறி மிரண்டு, புரியாத எழுத்தாக நூற்று நாற்பது பக்கம் கக்கியது. அவர் மிரட்டல் கடிதம் என்று நினைத்துக் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார். வேதியியல் கூடத்தில் எடைக்கருவி எண் நகராமல் நின்றுபோனது. மதியம் அறிக்கை வந்தது, எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். ஆயிரத்து நூற்று நாற்பது ஓட்டைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், பொறுப்பாளர் என்று என் பெயர். முதலிடத்தில் முதல்வரின் கணினி; கடவுச்சொல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "மாத்துங்க ஐயா" என்று ஏழு தடவை கெஞ்சியிருக்கிறேன். "எனக்கு ஞாபகம் இருக்க வேண்டாமா?" என்பார். அந்த ஓட்டையும் என்னுடையதாம்.

ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விசாரணை என்று முதல்வர் ஓலை அனுப்பியிருக்கிறார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது வேலை போய்விடுமோ என்று ஓய்வூதியக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். நடைபாதையில் ஆள் ஆளுக்கு, "என்ன சார், இவ்வளவு ஓட்டையா?" என்று சிரிக்கிறார்கள். உங்கள் தங்கை மாதிரி என்று நீங்கள் சொல்லும் என் மனைவி, "உங்க அத்தான் பேச்சைக் கேட்டு ஆடுனீங்கல்ல, நல்லா அனுபவிங்க" என்கிறாள்.  கணினிகள் நன்றாக ஓடியவரை எவனும் என் அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே, சேரச் சொன்னது நீங்கள்தான் என்று முதல்வருக்கு உடனே ஒரு கடிதம் எழுதுங்கள். நான் திட்டத்திலிருந்து விலகிவிடுகிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும். உங்களுக்குச் சொல்ல நல்ல வார்த்தையாக இப்போதைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இப்படிக்கு,
உங்களை நம்பிய மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் முதல்வர் கூப்பிட்டார். திட்டத்திலிருந்து விலகும் படிவத்தை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடுங்க, விசாரணையை விட்டுடலாம். திட்டக்காரங்க அறிக்கையையும் அழிச்சிடுவாங்க" என்றார். பேனாவை எடுத்தேன். போட முடியவில்லை. நான் பார்த்துக்கொள்ளும் அத்தனை கணினிகளையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்ட காகிதம் பத்தொன்பது வருஷத்தில் அந்த அறிக்கை ஒன்றுதான். படிவத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் கடிதம் எதுவும் எழுத வேண்டாம்.