நான் ரிஜெக்ட் செய்த கிண்ணம்

என் கண்ணை நம்பிக் கெட்டவன் நான். துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு பீங்கான் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை. (க்யூ.சி. என்று சொன்னால்தான் கெத்து.) கிண்ணத்தில் புள்ளி, கீறல், கோணல் எது இருந்தாலும் சிவப்பு மார்க்கரில் பெருக்கல் குறி போட்டு, டிரம்மில் எறிந்து உடைக்க வேண்டும். என்னிடம் ஒரு பழுதும் தப்பியதில்லை என்று எனக்கு அப்படியொரு மண்டைக்கனம்.

அந்த வருடம் சூப்பர்வைசர் இடம் காலியானது. எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசருக்குத்தான் ஃபேமிலி விசா. விருத்தாசலத்தில் என் மகள் பிறந்து ஏழு மாதம்; ஃபோனில் மட்டுமே பார்த்திருந்தேன். மனைவி செல்வி பெட்டியே கட்டிவிட்டாள்.

"நாளைக்கு ஜப்பான் பார்ட்டி வர்றாங்க. அவங்க முன்னாடி உன் வேலையைக் காட்டுய்யா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர் சுந்தரம் சார்.

காட்டினேன்.

மறுநாள் என் மேசையில் ஒரு கறுப்புக் கிண்ணம் இருந்தது. ஐயோ, அது கிண்ணமா! வாய் கோணல். மேலே பூசிய பளபளப்பு க்ளேஸ் பாதியில் வழிந்து நின்றுவிட்டது. அடியில் மண் தெரிந்தது. செய்தவனின் விரல் தடம்கூட அப்படியே இருந்தது. தட்டினால் 'டங்' என்று வர வேண்டியது 'டொக்' என்றது. எந்தத் தூங்குமூஞ்சி பாஸ் பண்ணினானோ! ஜப்பான் பெரியவரோடு சார் உள்ளே வரும்வரை காத்திருந்து, குறைகளை உரக்க அடுக்கி, குறி போட்டு, வீசினேன் பாருங்கள் டிரம்மில்!

"அடப்பாவி! அது அவரோட டீ கிண்ணம்யா! நாலு தலைமுறையா வச்சிருக்காங்க. இதே மாதிரி செய்ய முடியுமான்னு கேக்கக் கொண்டுவந்தாரு. சூளையைப் பாக்கப் போனப்ப இங்க வச்சாரு!"

"கோணலா இருந்துச்சு சார்..."

"கோணலாத்தான்யா செய்வாங்க!"

பெரியவர் மண்டியிட்டு, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் கட்டினார். பிறகு எனக்குக் குனிந்து வணக்கம் வேறு சொன்னார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"உன் சூப்பர்வைசர் வேலை கலாஸ், முடிஞ்சுது" என்றார் சார்.

அந்த இடம், எதையும் பார்க்காமலே பாஸ் போடும் பீட்டருக்குப் போனது. (அவன் பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். நல்லா இருக்கட்டும், போ.)

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. இரண்டு வருடத்துக்கு ஒரு லீவில் பார்க்கிற பிள்ளை. செல்வி கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். தினமும் வீடியோ காலில், விழுந்த பல்லையோ கோணல் கையெழுத்தையோ காட்டி, "அப்பா, பாஸா, ரிஜெக்டா?" என்பாள். அங்கே வீடே சிரிக்கும்.

"பாஸ்தான் செல்லம்" என்று நானும் சிரிப்பேன். அந்தக் கிண்ணத்தையாவது கையில் எடுத்துப் பார்த்தேன்; இதெல்லாம் ஃபோனில்தான்.