கங்காணிக்கு வெட்டிய மூங்கில்

ஒரு காரைப் பழுது பார்த்ததற்காகச் சாவு வீட்டில் மன்னிப்புக் கேட்டு நின்ற ஆள் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். இரண்டு பேரும் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் பேசலாம்.

எழுபதுகளின் தொடக்கம். பெரகலைச் சந்திக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் தொழிற்சாலையில், இயந்திரம் பார்க்கும் பிட்டரின் கையாள் நான். பிட்டர் நட்டு முறுக்கும் சாவி கேட்டால் சாவியை நீட்டவேண்டும். பிடி என்றால் பிடிக்கவேண்டும். ஏதாவது உடைந்தால், "இவன்தான் ஒடச்சான்" என்று அவர் கைகாட்ட வசதியாகப் பக்கத்தில் நிற்கவேண்டும். இந்தப் பெரும் பதவியை வைத்துக்கொண்டு, இஞ்சின் வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தேன். (ஒரு காரின் மூடியை அதுவரை திறந்து பார்த்ததுகூடக் கிடையாது.)

அந்தப் புளுகுக்குக் காரணம் பவளம். அவளுடைய அப்பா சின்னையாக் கங்காணி, கவ்வாத்து வெட்டும் ஆட்களுக்குத் தலைவர். ஒரு செடியைப் பார்த்தால் எந்தக் கிளையை விடலாம், எதை வெட்டலாம் என்று உடனே சொல்லிவிடுவார். என்னையும் அப்படித்தான் பார்ப்பார். என் மாமா பெண் கேட்டுப் போனபோது ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"பையன் கையாளாவே கெடந்தா எம்பொண்ணும் கையாளு பொண்டாட்டியாத்தான் கெடப்பா. வேல நெரந்தரமாகட்டும். தையில பேசுவோம்."

ஆக என் கல்யாணம் ஸ்டோர் ஆபிசிலிருந்து வரவேண்டிய ஒரு கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் தொட்டிக் கார்கள் வந்தன. எங்கள் சின்னத்துரை கொழும்புப் பிள்ளை. பெரிய துரைக்குக் கீழே இரண்டாவது அதிகாரி. அவரும் அவர் சிநேகிதர்களும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பழைய வோக்ஸ்வாகன் கார்களின் உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மேலே ஒரு தொட்டியைப் பொருத்தி, கொழுத்த டயர்களை மாட்டிக் கடற்கரை மணலில் ஓட்டுவார்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது. மணலுக்குச் செய்த காரை மலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அறியும் ஆசை யாருக்கு வந்ததோ, அந்த வருடம் சங்கத்தின் கூட்டம் எங்கள் தோட்டத்தில் என்று முடிவானது. ஏழு கார்கள். "மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டிக்குச் சக்கரம் போட்டிருக்கானுவ" என்று லயத்தில் ஒருவர் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது.

வழியில் கார் பழுதானால் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று சின்னத்துரை ஸ்டோருக்கு வந்தார். பிட்டர் புத்திசாலி, இடுப்புவலி என்று சொல்லிவிட்டார். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஒனக்குக் காரு வேலை தெரியும்?" என்று துரைத் தமிழில் கேட்டார்.

"தெரியும் தொரை."

"நல்லா செய்தா, நான் பெரிய தொரைகிட்ட ஒன் பேரு சொல்லும்."

அன்று முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை.

இனி வருவதைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. சின்னையாக் கங்காணிக்கு இரண்டு மாதமாக இருமல். தோட்டத்து மருந்துக்காரர் போத்தல் போத்தலாக ஏதோ சிவப்புத் தண்ணீர் கொடுத்துவந்தார். கூட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. பவளத்தின் அண்ணன் முருகேசு, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கேட்டு ஆபிசுக்கு ஓடினான். லொறி பண்டாரவளைக்குப் போயிருந்தது. விருந்தாளிகளுக்கு நாற்காலியும் ஐஸும் கொண்டுவர. அது திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. "இனி எங்க போறது, காலையில பாப்போம்" என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

அந்த லொறியிலிருந்து ஐஸ் பெட்டிகளை இறக்கியவன் நான். முருகேசு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நாளைக்கு இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் நானே சின்னத்துரையிடம் லொறி கேட்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது.

ஞாயிறு விடிவதற்கு முன்பே சாவிகள் வைத்த ஆயுதப் பெட்டியும் ஒரு சிவப்புக் கொடியுமாகத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில், றோட்டு வளைகிற முடக்கில் போய் நின்றுவிட்டேன். கங்காணி ஆறு மணிக்கு இறந்துபோனார். கேதம் சொல்லப் போனவர்கள் லயங்களுக்குப் போனார்களே தவிர, முடக்கில் கொடியோடு நிற்கிறவனுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

எட்டு மணிக்குத் தப்பு மேளம் கேட்டது. விருந்தாளிகளை வரவேற்கச் சின்னத்துரை மேளகாரர்களுக்குச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். சரி, வரவேற்பு தொடங்கிவிட்டது என்று கொடியை ஆட்டிப் பழகினேன். சாவு மேளத்துக்கும் மற்ற மேளத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தோட்டத்துக் கோழிக்குக்கூடத் தெரியும். பனிமூட்டம், கார்ச் சத்தம் என்று இத்தனை வருடமாகச் சாக்குச் சொல்லி வருகிறேன். உண்மை என்னவென்றால், என் காது இரண்டிலும் நிரந்தர வேலை அடைத்துக்கொண்டிருந்தது.

ஆறு கார்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின. ஏழாவது வரவில்லை. கீழே ஆற்றோர முடக்கில் ஒரு முறியும் சத்தம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடினேன்.

கார் ஒரு பக்கம் முழங்கால் போட்டிருந்தது. இடது முன்சக்கரம் தனியாகத் தேயிலைக்குள் போய் ஒரு செடியில் சாய்ந்து நின்றது. உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பருத்த கொழும்புக் கனவான், தொப்பியோடு. நான் குனிந்து பார்த்தேன். சக்கரம் மாட்டுகிற அச்சே முறிந்திருந்தது. றோட்டில் வைத்துச் செய்கிற வேலையே அல்ல. ஆனாலும் ஒரு சாவியை எடுத்து, இதற்குச் சம்பந்தமில்லாத ஒரு நட்டை நன்றாக இறுக்கினேன். (வேலை தெரியாதவன் முதலில் எதையாவது இறுக்குவான்.) பிறகு முன்மூடியைத் திறந்து இஞ்சினைத் தேடினேன். ஒரு சாப்பாட்டுக் கூடையும் இரண்டு போத்தலும் இருந்தன. கண்ணாடிக்காரர் பொறுமையாகப் பின்பக்கம் விரலைக் காட்டினார்.

அப்போதுதான் அவை என் கண்ணில் பட்டன. றோட்டோரத்தில் இரண்டு பச்சை மூங்கில்கள். ஒரே நீளம். கணு கணுவாகச் சீவிச் சுத்தம் செய்தவை. அவற்றின் மேல் ஒரு சுருள் புதுத் தேங்காய்த் தும்புக் கயிறு. தோட்டத்தில் பிறந்த எந்த மனிதனுக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. எனக்கோ கடவுளே அனுப்பியதாகத் தோன்றியது. அனுப்பியது உண்மைதான், விலாசம் மட்டும் என்னுடையதல்ல.

பாடைக்காக வெட்டியவர்கள் மூங்கிலைப் போட்டுவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் மயானத்தில் குழி வெட்டப் போயிருந்தார்கள். வீட்டில் உள்ளவர்கள் கொண்டுபோவார்கள் என்று இவர்கள் நினைக்க, இவர்கள் கொண்டுவருவார்கள் என்று வீட்டில் உள்ளவர்கள் காத்திருந்தார்கள்.

ஸ்டோரில் பாரமான இரும்பை நகர்த்தவேண்டுமென்றால் கம்பில் கட்டித் தோளில் தூக்குவோம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். காரின் முன் அச்சுக்குக் கீழே இரு பக்கமும் மூங்கிலைச் செருகி, கயிற்றை நனைத்து இழுத்துக் கட்டினேன். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துச் சிங்களக் கிராமத்து இளைஞர்கள் நாலு பேரை முன்னால் தோள் கொடுக்கச் சொன்னேன். இஞ்சின் பின்னாலிருந்து தள்ளட்டும், இவர்கள் முன்னால் தூக்கட்டும்.

"மெதுவா மிதிங்க தொரை!"

கார் நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது. என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. நாலு பேர் தோளில் ஆடி ஆடிக் கார் வர, நான் சிவப்புக் கொடியை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன். "தள்ளு, தள்ளு! வழி விடுங்க!" என்று, ஆளில்லாத றோட்டைப் பார்த்துக் கத்தினேன்.

கூட்டம் நடந்தது பெரட்டுக்களத்தில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். மற்றக் கார்கள் மேல் கணக்கைச் சுற்றிப் போயிருந்தன; சுற்றாமல் ஆற்றோரத்திலிருந்து அங்கே போகிற ஒரே றோட்டு, சின்னையாக் கங்காணியின் லயத்து வாசலைத் தொட்டுக்கொண்டு போகும். முடக்குத் திரும்பினால் வாசல் நிறைய ஆட்கள். மேளகாரர்கள் அங்கேயே நின்றார்கள். நம்மை எதிர்கொள்ள இவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டார்களே என்று நினைத்து, அவர்களைப் பார்த்துக் கொடியை ஆட்டினேன். (ஆமாம், ஆட்டினேன்.)

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றி, வலதும் இடதுமாக எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

வாசலில் வாங்குப் பலகையின் மேல் கங்காணி. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது என்னைப் பார்த்த அதே முகம்தான். அதில் என் மேல் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

முருகேசு வந்து மூங்கிலைத் தொட்டுப் பார்த்தான்.

"ஒரு மணி நேரமா இதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றான். சத்தம் போடவில்லை. நாலு அறை விட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிருங்கண்ணே, எனக்குச் சேதி வரல..."

"மேளம் கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா?"

பின்னால் கண்ணாடிக்காரர் ஏன் நிற்கிறோம் என்று ஹோர்ன் அடித்தார். தோள் கொடுத்த நாலு பேரில் ஒருவன் போய்ச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றினார், இறங்கினார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு றோட்டோரத்தில் தூரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் என்னைவிட அவருக்கு நாகரிகம் தெரிந்திருந்தது.

சக்கரத்துக்குப் பதில் கல்லை முட்டுக்கொடுத்து மூங்கிலை அவிழ்க்கப் போனேன். நனைந்த தும்புக் கயிறு, அதுவும் பத்துச் சுற்று, நான் போட்ட முடிச்சு. விரலால் முடியவில்லை. பல்லால் கடித்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு காரின் அடியில் படுத்துக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது முகத்துக்கு நேரே ஒரு கத்தி நீண்டது. கங்காணியின் கவ்வாத்துக் கத்தி. பிடித்திருந்தது பவளம். தலை அவிழ்ந்து, கண் வீங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை.

"அறுங்க" என்றாள். அறுத்தேன். பிறகு சொன்னாள்: "எங்கப்பா ஒங்களப் பத்தி யோசிச்சது சரியாத்தான் இருக்கு."

மூங்கில் ஒன்று பிளந்திருந்தது. இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டிவிட்டார். "வேற ஒண்ணச் சொமந்த மூங்கில்ல கங்காணிய ஏத்தக்கூடாதுப்பா."

நான் கத்தியோடு ஆற்றுக்கு ஓடினேன். போகச் சொன்னவர்களும் இல்லை, வேண்டாம் என்றவர்களும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. கவ்வாத்துக் கத்தி தேயிலைக் கிளைக்கானது, முற்றிய மூங்கில் அதைப் பார்த்துச் சிரிக்கும். உள்ளங்கைத் தோல் உரிந்தது. இரண்டையும் ஒன்றாகத் தூக்கப் பார்த்துச் சறுக்கி விழுந்தேன், பிறகு ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தேன். பன்னிரண்டுக்கு எடுக்கவேண்டிய பிரேதத்தை நாலு மணிக்கு எடுத்தார்கள். பெரட்டுக்களத்திலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும், பாதியில் நின்றது.

மயானத்து ஏற்றத்தில் பாடை தூக்கியவர் ஒருவர் சேற்றில் சறுக்கினார். நான் உள்ளே புகுந்து தோளைக் கொடுத்தேன். முருகேசு திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான். குழியில் முழங்கால் அளவு தண்ணீர். மண்ணெண்ணெய்த் தகரத்தால் இறைத்துவிட்டுத்தான் கங்காணியை இறக்கினோம். லொறி சனிக்கிழமை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சின்னத்துரை என் பேரைப் பெரிய துரையிடம் சொன்னார், வாக்குத் தவறாதவர். விருந்தாளியின் காரைச் சாவு வீட்டு வாசலில் விட்டவன் என்று சொன்னார். ஸ்டோர்ப் பக்கம் வரவேண்டாம் என்று கடிதம் வந்தது. நான் காத்திருந்த கடிதமும் அதே நிறத்துத் தாளில்தான் வந்திருக்கும்.

பண்டாரவளையில் ஒரு கராஜுக்குப் போனேன். முஸ்லிம் முதலாளி. "காரு வேல தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க."

"அப்ப நாளைக்கு வா."

ஒரு வருடம் கழித்து, ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தபோது இரண்டு கால்கள் வந்து நின்றன. முருகேசு. தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் அவனுக்குக் காகிதம் வந்திருந்தது; பவளத்தின் பேர் அதில் இல்லை. நான் வெளியே வருமுன்பே பேசத் தொடங்கிவிட்டான். முகம் பார்க்காமல் பேசுவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கப்பா மூங்கிலத் தூக்கிக்கிட்டுப் போனவனும் நீதான், அவரு பாடைக்குத் தோள் குடுத்தவனும் நீதான். நான் போயிட்டா பவளத்துக்கு இங்க யாரு இருக்கா?" கீழே கிடந்த ஒரு நட்டைக் காலால் உருட்டினான். "அவகிட்டக் கேட்டுட்டேன். தையில வச்சுக்குவோம்."

ஐஸ் பெட்டி விஷயத்தைப் பவளத்திடம் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆனது. சொல்லிவிட்டு அழுதேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். அதை வைத்து அவள் என்னை ஒருநாளும் கேலி செய்ததில்லை. அதற்கும் சேர்த்துத்தான் மூங்கிலை வைத்துச் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேலிக்கு ஓய்வே கிடையாது. மகளின் கல்யாணத்துக்குப் பந்தல் மூங்கில் வந்து இறங்கியபோது, "இவரு கண்ணுல படாம வைங்க, எந்தக் காருலயாச்சும் கட்டிருவாரு" என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே சொன்னாள். போன மாதம் எனக்கு நெஞ்சு வலித்தது. மருமகன் காரைக் கொண்டுவந்து நிறுத்த, "மொதல்ல ஆஸ்பத்திரிக்கு, மத்ததெல்லாம் அப்புறம்" என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"பயப்படாதீங்க. ஆத்தோரத்துல ஒங்களுக்கு ரெண்டு நல்ல மூங்கில் பாத்து வச்சிருக்கேன். எந்தத் தொரை காரு ஒடஞ்சாலும் குடுக்க மாட்டேன்."