ஒரே நாடாவில் இருவர்

தனலெட்சுமியின் இடது செருப்பைக் காணவில்லை. தேடப்போனவள் தையல் மேசைக்கு அடியில் ஒரு பொத்தானைக் கண்டு, அதைச் சுழற்றி விளையாடியபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ புள்ள, செருப்பு!" என்று வாசலிலிருந்து அப்பா கத்தினார்.

திடுக்கிட்டு எழுந்தாள். ஒன்பது வயதாகியும் அவள் கால்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. மனமோ, அந்தக் கால்கள் போகும் இடத்திலெல்லாம் ஏதாவது தப்பு நடந்துவிடும் என்று பயந்தது. இன்னொரு நாள் பள்ளிக்குப் பிந்தினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவேண்டும் என்று டீச்சர் வேறு சொல்லியிருந்தார்.

அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்கு வெலிமடை போயிருந்தாள். லுணுகலைக் கடைவீதியில் தையல்காரரான அப்பா முருகையாவே இப்போது பொறுப்பு.

"இந்தக் கொணம் ஒங்கம்மா பக்கத்துலருந்து வந்தது. நான் சரிபண்றேன் பாரு" என்றவர், அவள் விரலில் ஒரு சிவப்பு நூலும் ஒரு நீல நூலும் கட்டினார்.

"செவப்பு எதுக்குப்பா?"

"சோத்துப் பார்சல மறக்காம இருக்க."

"நீலம்?"

முருகையா யோசித்தார். "அதுவும் முக்கியமானதுக்குத்தான்."

வழியில் அவள் வேடிக்கை பார்த்து நிற்காமலிருக்க, கழுத்தில் கிடந்த அளவுநாடாவின் ஒரு முனையை அவள் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டார். ஒரு கம்பளிப்பூச்சியைப் பார்த்து அவள் நின்றபோது அவர்தான் தடுக்கி விழுந்தார்.

"டீச்சர் வாசல்லயே நிப்பாங்களாப்பா? பென்சில் எடுத்தேனா? இன்னைக்கு ஸ்கூல் இருக்கா? இஸ்திரிப்பெட்டியில கரி அணைஞ்சிருக்குமா?"

"எல்லாத்துக்கும் பயப்படாத!" என்று அதட்டினார் முருகையா. ஆனால் கடைசிக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இருவரும் நாடாவோடு திரும்பி ஓடினார்கள். இஸ்திரிப்பெட்டி குளிர்ந்து கிடந்தது. அன்றைக்கு அவர் அதைப் பற்றவைக்கவே இல்லை.

மறுபடி பாதி வழி வந்ததும் தனலெட்சுமி விரலைப் பார்த்தாள். "அப்பா, சோத்துப் பார்சல்?"

இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுப் பார்க்கும்போது பார்சலை மேசையில் வைத்தது முருகையாதான். மறுபடி ஓட்டம்.

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் யாருமில்லை. பள்ளிப் பிள்ளைகளும் இல்லை.

"ஒருத்தரையும் காணோமேப்பா."

"எல்லாரும் நேரத்தோட போயிட்டாங்க. நம்மதான் லேட்டு."

நாடா பின்னால் இழுத்தது. முருகையா நின்று திரும்பினார். அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தார். உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. அடம் என்றும் சோம்பல் என்றும் இத்தனை நாள் அவர் நினைத்திருந்தது இதைத்தானா?

"நான் உள்ள வந்து டீச்சர்கிட்ட சொல்றேன்."

"என்னன்னு?"

"தப்பு எம்மேலன்னு."

பள்ளிக்கூடக் கேற் பூட்டியிருந்தது. காவல்காரர் மாடசாமி வெயிலில் அமர்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தொறங்க. புள்ளமேல தப்பில்ல..."

மாடசாமி இருவரையும், நடுவில் தொங்கிய நாடாவையும் பார்த்தார். "ஞாயித்துக்கிழம லீவ நிப்பாட்டி, நெலாவப் பாத்து வர்ற போயா நாளுக்குத்தான் லீவுன்னு மாத்தி எத்தன மாசமாச்சு? இன்னைக்குப் போயா, முருகையா."

தனலெட்சுமி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேட்டேனேப்பா."

"ஒரு தடவ மறந்துட்டேன்" என்றார் முருகையா.

"ஒரு தடவையா?" மாடசாமி சிரித்தார். "போன போயாவுக்கு, புள்ள மறந்துட்டுப் போயிருச்சுன்னு சோத்துப் பார்சலத் தூக்கிக்கிட்டு வந்து நின்னீங்க, புள்ள வீட்டுல தூங்கிக்கிட்டிருந்துச்சு. இன்னைக்குப் புள்ளயாவது வந்திருக்கு."