ஜெயதாஸுக்கு இன்னும் ஒரு வருடம்

வெள்ளறடை,
18-4-1979

குவைத்து வெயிலிலும் ஊரை மறக்காத மைத்துனன் சிரஞ்சீவி முத்துக்குமாரசாமிக்கு, அத்தான் தாணுமாலயன் ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அக்கா சொர்ணம்மாளும் சுகம். நீ அனுப்பிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

நிற்க. நம் கல்லூரிக்கு நீ போட்டுக்கொடுத்த சிமெண்டுத் தளத்தில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் ஜெயதாஸ் எட்டு ஆட்டத்திலும் தோற்றுவிட்டார். "இனியும் அவரை வைத்திருக்கலாமா? அத்தான் சொல்கிறபடி கமிட்டிக்கு எழுதுகிறேன்" என்று என்னை நீதிபதியாக்கிவிட்டாய். முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இப்படியொரு மரியாதை கொடுத்தாயே, அதற்கு நன்றி.

தினமும் போய்ப் பார்த்தேன். ஊரில் அவ்வளவு பெரிய சிமெண்டுத் தரை வேறே இல்லை என்பதால், யாரோ ஒரு வீட்டார் மரச்சீனிக் கிழங்கை அரிந்து அவித்து நட்டநடுத் தளத்தில் காயப்போடுகிறார்கள், பையன்கள் அதைச் சுற்றி ஓரமாக ஓடுகிறார்கள், "மக்கா, பந்தைத் தரையிலே தட்டாதுங்க, கிழங்கு தெறிக்கும்" என்று ஜெயதாஸே சொல்லிக்கொடுக்கிறார், அப்படிப் பழகினவர்கள் வெளியூரில் பந்தைத் தட்டாமல் ஓடினால் நடுவர் விசில் ஊதாமல் என்ன செய்வார்? திருவனந்தபுரத்து ஆட்டத்தில் தளம் சுத்தமாகக் கிடக்க, நம் ஐந்து பேரும் பழக்கதோஷத்தில் ஓரமாகவே சுற்றிவர, எதிராளிகள் நடுவழியே நடந்துவந்து பந்தைப் போட்டுக்கொண்டிருக்க, நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, "நடுவில் என்ன, கரண்டு உண்டோ?" என்று கேட்டாராம்.

போன மாதம் கோடைமழை இறங்கியபோது ஜெயதாஸ் பயிற்சியை நிறுத்தி, பையன்களோடு கிழங்கை வாரி, தன் சட்டையைக் கழற்றி மூடி, உரிய வீட்டில் கொண்டு சேர்த்தார். வெற்றுடம்போடு நனைந்து நின்றவரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுவாரம் வானம் மூடிக் கிடந்ததால் தளம் காலி. அந்த வாரத்து ஆட்டத்தில் மட்டும் நாலே புள்ளியில்தான் தோற்றோம்.

கமிட்டி காரணம் கேட்டபோது, "தப்பு எனக்காக்கும், ஐயா" என்றதோடு சரி. கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் மனைவி நிறைமாதம். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு போக்கில்லை. அதனால் என் தீர்ப்பு, இன்னும் ஒரு வருடம் கொடு. கிழங்கு காயப்போடும் அந்தச் சுயநலக்காரன் யாராக இருந்தாலும் கமிட்டி சும்மா விடக்கூடாது.

மணல்காற்று அடித்தால் காதை மூடிக்கொள். குலதெய்வம் உன்னைக் காக்கட்டும்.

அன்புள்ள அத்தான்,
தாணுமாலயன்

பி.கு.: உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "சுயநலக்காரன்னு எழுதியாச்சுல்லா? அவன் பேரையும் எழுதும்" என்றாள். கிழங்கு நம்முடையதுதான். நிலச்சட்டத்தில் நம் களம் குத்தகைக்காரன் பொன்னையனுக்குப் போனபிறகு காயப்போட வேறு இடமில்லை. நாளை முதல் தளத்தில் போடமாட்டோம், சத்தியம். ஆனால் ஊர்க்கிழங்கு இல்லாமல் உனக்கு அங்கே சாப்பாடே இறங்கவில்லை என்று நீ எழுதி எழுதி, லீவுக்கு வந்து திரும்புகிறவர்கள் கையிலெல்லாம் நாங்கள் கட்டிக் கொடுத்தனுப்பியது அந்தக் கிழங்கைத்தான். எட்டு ஆட்டத்தையும் தின்றது நீதான், தம்பி. ஜெயதாஸுக்கு இரண்டு வருடமாகவே கொடுத்துவிடு.