பரலோகத்தின் சிவப்புத் திரை

ஞாயிற்றுக்கிழமை ஆனால் குமாசி நகரில் தீர்க்கதரிசி ஒபெங்கின் மண்டபத்தில் எள் விழ இடமிருக்காது. பரலோகமே இப்போது இணையதளம் நடத்துகிறதாம்! பூட்டிய தளம். பெயரைத் தட்டி, தீர்க்கதரிசி காதில் ஓதும் கடவுச்சொல்லையும் தட்டினால், பெரிய திரையில் பச்சையாக 'ஆசீர்வாதம்' என்று வரும். சிலருக்கு மட்டும் சிவப்பாக வரும்: 'உன் வீட்டுப் பெண்களில் வயதில் மூத்தவள் சூனியக்காரி. விலக்கி வை.' கடவுள் கணினி படித்துவிட்டார். பக்தர்கள்தான் இன்னும் யோசிக்கப் படிக்கவில்லை.

போன வாரம் அஃப்ரியேவுக்குச் சிவப்பு விழுந்தது. தாயில்லாத அவளை வளர்த்த பெரியம்மா செர்வாவை, வரும் ஞாயிறு பொழுது சாய்வதற்குள் வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்று தாய்மாமன்மார் கூடித் தீர்மானித்துவிட்டார்கள். கிழவி மூட்டை கட்டினாள். இணையதளம் கட்டித் தரும் தோழி டெடெயிடம் அஃப்ரியே ஓடினாள்.

டெடெ விழுந்து விழுந்து சிரித்தாள். "அடியே, பூட்டின தளம் எல்லாத்துலயும் இப்படி ஒரு பக்கம் உண்டுடி. கடவுச்சொல் தப்பானா அது வரும். அதுல என்ன எழுதணும்ங்கறது தளத்துக்காரன் இஷ்டம். அவன் காணிக்கையா ஆடு கேட்டான், நீ கோழி குடுத்தே. உன் காதுல தப்பான சொல்லை ஓதிட்டான்!"

ஞாயிறும் வந்தது. மாமன்மார் பின்னால் வர, அஃப்ரியே நேரே மேடையேறினாள்.

"ஐயா, யார் பேரைப் போட்டாலும் பரலோகத்துக்குத் தெரியுமா?"

"தெரியாதது உண்டா மகளே!"

ஊருக்கே தெரிந்த தெருமுனை ஆட்டின் பெயரைத் தட்டினாள். கடவுச்சொல்லாக, வாயில் வந்த சாப்பாட்டுப் பெயர், ஃபுஃபு. திரை சிவந்தது. ஆட்டின் வீட்டிலும் மூத்தவள் சூனியக்காரியாம்! கூட்டம் முணுமுணுத்தது.

"இப்ப உங்க பேரு, ஐயா."

"நிறுத்து!" என்று ஒபெங் பாய்ந்தார். அதற்குள் தட்டிவிட்டாள். கடவுச்சொல் மறுபடியும் ஃபுஃபு. மறுபடியும் சிவப்பு.

முதல் வரிசையில் மெத்தை போட்ட நாற்காலியில் வீற்றிருந்த தீர்க்கதரிசியின் தாயார் எழுந்தார். செருப்பு கையில் இருந்தது.

"டேய் ஒபெங்! நானாடா சூனியக்காரி?"

"அம்மா, சாத்தான் கணினிக்குள்ள பூந்துட்டான்!"

"சாத்தானும் இல்லை, பூதமும் இல்லை. கடவுச்சொல் தப்பு, அவ்வளவுதான்," என்றாள் அஃப்ரியே. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. போன வாரம் இதே வாய்கள்தான் 'ஆமென்' போட்டன.

தலை குனிந்து நின்ற மாமன்மாரிடம் சொன்னாள்: "வாங்க மாமா. பெரியம்மா கட்டின மூட்டையை நீங்களே வந்து அவுத்து வைங்க."

கைபேசியில் ஒரு எழுத்துத் தப்பினால் பத்துத் தடவை திரும்பத் தட்டிப் பார்க்கிற ஊர் இது. ஒரு கிழவியைத் தெருவில் விடுவதற்கு முன் மட்டும் ஒருவனும் இன்னொரு தடவை தட்டிப் பார்க்கவில்லை.