உயர்குடி அழுகலும் உன் மகனும்

மிஷ்கோல்ட்ஸ் நகரில் வசிக்கும் மதிப்புக்குரிய அக்கா எதெல்காவுக்கு, தோகாய் மலையடிவாரத் திராட்சைத் தோட்டத்திலிருந்து தம்பி வெண்டெல் பணிவுடன் எழுதுவது. அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நிம்மதியாகத்தான் இருப்பீர்கள், உங்கள் பிள்ளை ஜோம்போர் இங்கே அல்லவா இருக்கிறான்.

செடிகளைப் பிடிக்கும் பூஞ்சணத்தைப் பற்றியும், உயிருள்ள இலை, கல்லாய்ப்போன இலை இவற்றின் உள்ளமைப்பைப் பற்றியும் ஆராய்கிறான், சில வாரம் இடம் கொடு என்று எழுதினாய். முப்பத்திரண்டு வயது ஆள், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான் என்று நினைத்தேன். வந்த மறுநாளே என் ஆட்டுக்கொட்டில் சுவரிலிருந்து கற்களை உருவி உளியால் பிளந்துகொண்டிருந்தான். ஒரு கல்லுக்குள் இலைத் தடம். "பாருங்க மாமா, இந்தப் புள்ளியெல்லாம் நோவு. ஒரு கோடி வருஷத்துக்கு முந்தியே வந்திருக்கு" என்றான். "இப்ப அதுக்கு மருந்தடிக்கணுமா?" என்று கேட்டேன். சிரிக்கிறான். ஆடுகள் அந்த ஓட்டை வழியாகப் போய்ப் பங்குச் சாமியாரின் முட்டைக்கோஸைத் தின்றுவிட்டு வந்தன. பிறகு திராட்சைத் தோலை மெல்லிசாகச் சீவ என் சவரக்கத்தியை எடுத்து மழுக்கிவிட்டான். ஞாயிறு பூசைக்கு நான் பாதித் தாடியோடு போனேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவன் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. மூடுபனியும் வெயிலும் மாறி மாறி வந்து, பழம் கொடியிலேயே சுருங்கித் தேனாவதை நாம் உயர்குடி அழுகல் என்கிறோம். மழையில் தோல் வெடித்து நாறிப்போவது சாம்பல் அழுகல். முன்னதில் விலையுயர்ந்த இனிப்பு ஒயினான அசூ வரும், பின்னதில் கண்ணீர்தான் வரும். உன் மகன் கோயில் வாசலில், பக்கத்துத் தோட்டத்து தெஜோவிடம், "ரெண்டும் ஒரே பூஞ்சணம்தாங்க, பேருதான் வேற" என்று சொல்லிவிட்டான். நம் குடும்பத்துப் பிரபுப் பட்டயத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது தெஜோவுக்குத் தெரியாதா? "என்னப்பா வெண்டெல், பிரபுவும் கூலிக்காரனும் ஒண்ணுதானாமே, உன் மருமகனே சொல்லிட்டாரு" என்று தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறான்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. மூன்று நாள் விடாத மழை. மேல் வரிசைகளில் அழுகல் தொடங்கிவிட்டது. போன வருஷம் போல இந்த வருஷமும் கெட்டால் தோட்டத்தை விற்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் பறித்துவிட கூலிக்காரி பொரிஷ்காவையும் அவள் ஆட்களையும் வரச் சொல்லியிருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. போய்க் கேட்டால், "உங்க மருமகன்தான் பத்து நாள் கழிச்சு வரச் சொன்னாருங்களே. படிச்சவரு, நாங்க என்னத்தக் கண்டோம்" என்கிறாள். வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்தேன்.

"தோலை வெட்டிப் பாத்தேன் மாமா. எங்கயும் வெடிக்கல. வெயில் வந்தா சுருங்கித் தேனாயிடும், காத்திருங்க."

"வெயில் வரலன்னா?"

"வரலன்னா போச்சுதான்" என்றான், ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டே.

ஊரில் எல்லோரும் பறித்து முடித்துவிட்டார்கள், அக்கா. மலையில் என் பழம் மட்டும் தொங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து இவனை அழைத்துப் போ. வராவிட்டால் உனக்குத் தம்பி ஒருவன் இருந்தான் என்பதையே மறந்துவிடு.

அத்தானின் மூட்டுவலி குறையட்டும், உங்கள் வீட்டில் சகல நலமும் நிறையட்டும்.

கோபத்திலும் அன்பு குறையாத,
வெண்டெல்

பி.கு.: அன்று தபால் நிலையம் பூட்டியிருந்தது. பிறகு ஒன்பது நாள் இது சட்டைப்பையிலேயே கிடந்தது. வெயில் வந்துவிட்டது. இன்று காலை மேல் வரிசைக்குப் போனேன். ஒரு குலை விடாமல் சுருங்கியிருக்கிறது. ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இறங்கி வந்தால் உன் மகன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறான். "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன் மாமா, கெளம்புறேன்" என்கிறான். அவன் காலணிகளைக் காலிப் பீப்பாய்க்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். மேலே எழுதியதைக் கிழித்தால் நல்ல காகிதம் வீணாகும் என்று அப்படியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, பறிக்க ஆள் போதவில்லை. வரும்போது அவனுக்குத் தடித்த கம்பளிச் சட்டை இரண்டு கொண்டு வா. இங்கே மார்ச் வரை குளிர் இருக்கும்.